பெட்டிக்குள் கிடக்கும் பங்குப் பத்திரம்

சீனன்குடாவிலும் கந்தளாய்ப் பக்கமும் குடியிருக்கும் மலையகக் குடும்பங்கள் சிலவற்றில் இன்னும் ஒரு காகிதம் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. பின்னாளில் பிள்ளைகளோடு இங்கு வந்து சேர்ந்த அப்பாவோ அம்மாவோ கொண்டுவந்த தோட்டக் கம்பனிப் பங்குப் பத்திரம் அது. 1992இல் அரச தோட்டங்கள் கம்பனிகளின் முகாமைக்குப் போயின. 1995 முதல் அக்கம்பனிகளின் 51 சதவீதப் பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டபோது, 10 சதவீதம் தொழிலாளருக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. எமக்குத் தெரிந்த பலர் வந்த விலைக்கு விற்றுவிட்டார்கள். மிச்சமிருப்பவர்களும் அதை வாக்குச் சீட்டாக நினைப்பதில்லை.

"கம்பனி தீர்மானித்துவிட்டது" என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். தீர்மானித்தது யார் என்று கேட்பதில்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் கம்பனிக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று பணிப்பாளர் சபை, மற்றது பங்குதாரர் பொதுக்கூட்டம்.

கம்பனியை நடத்தும் அதிகாரம் பணிப்பாளர் சபைக்கு உரியது. அங்கே பொதுவாகத் தலைக்கு ஒரு வாக்கு. ஒரு பங்குகூட இல்லாத பணிப்பாளருக்கும் அதே வாக்குத்தான். கூட்டக் குறிப்பைக் காட்டு என்று பங்குதாரர் கேட்க முடியாது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்ததும் கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனது ஞாபகமிருக்கும். வழக்குப் போடுவது நிர்வாகக் காரியம். அதற்குப் பங்குதாரரின் அனுமதி தேவையில்லை.

பொதுக்கூட்டம் வேறு. வருடத்துக்கு ஒருமுறை கூட்டியே ஆகவேண்டும். இரண்டு கூட்டங்களுக்கிடையே 15 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. கை உயர்த்தினால் ஆளுக்கு ஒரு வாக்கு, வாக்கெடுப்புக் கேட்டால் பங்குக்கு ஒரு வாக்கு. சாதாரண தீர்மானத்தால் பணிப்பாளரை நீக்கலாம். சொத்தில் பாதிக்கு மேற்பட்ட பெறுமதியைக் கைமாற்ற விசேட தீர்மானம் வேண்டும், அதாவது 75 சதவீத ஆதரவு.

துறைமுகத் தோழர்களுக்கு இது புதிதல்ல. இங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளில் 61ஐப் பொறுப்பேற்ற கூட்டுக் கம்பனியில் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதம், லங்கா ஐஓசிக்கு 49. பங்கு வாக்கென்று வந்தால் 51 இருந்தால் சாதாரண தீர்மானம் நிறைவேறும். விசேட தீர்மானத்துக்கு மற்றவரின் கையும் உயர வேண்டும்.

இப்போது தோட்டத்துக்கு வருவோம். வாக்குரிமையில் 10 சதவீதம் வைத்திருக்கும் பங்குதாரர்கள் எழுத்தில் கேட்டால் சபை விசேட பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். எமக்கு இலவசமாகத் தந்ததும் அதே 10 சதவீதம்! அதைச் சிதறவிடாமல் ஒரு கட்டாக வைத்திருக்கத் தொழிற்சங்கங்கள் அன்றே முயன்றிருக்க வேண்டும். கட்சிக் கொடிக்கு இருந்த அக்கறை இதற்கு இருக்கவில்லை.

பொதுக்கூட்டத்துக்குப் போனால் சம்பளம் கூடும் என்று நாம் யாரையும் ஏமாற்றப் போவதில்லை. சம்பளம் சபையின் மேசையிலும் சம்பள நிர்ணய சபையிலும் பேசவேண்டியது. ஆனால் நட்டம் என்று சொல்லும் கம்பனி, தன்னை நடத்தும் தாய்க் கம்பனிக்கு முகாமைக் கட்டணமாக எவ்வளவு கொடுத்தது என்று கணக்கறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கக்கூடிய இடம் அதுதான். ஒரு பங்கு இருந்தாலும் கேட்கலாம். போக முடியாதவர் பதிலாளை நியமிக்கலாம். அவர் பங்குதாரராக இருக்க வேண்டியதில்லை, சங்கத்து ஆளாக இருக்கலாம்.

இன்னொரு கதவும் உண்டு. அரசாங்கத்தின் பொற்பங்கு திறைசேரிச் செயலாளரிடம் இருக்கிறது. அந்த ஒற்றைப் பங்கை வைத்து அவர் காலாண்டுக்கு ஒருமுறை கம்பனியைப் பேச்சுக்கு அழைக்கலாம், தோட்டக் காணியை உப குத்தகைக்கு விடுவதற்கும் அவர் சம்மதம் வேண்டும். அமைச்சர் வீட்டு வாசலில் நிற்கும் எமது தலைவர்கள் அவருக்கு எத்தனை கடிதம் எழுதியிருக்கிறார்கள்?

பங்குப் பத்திரம் வைத்திருப்பவர்கள் அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு அதன் பிரதியைக் கொண்டுவாருங்கள். பெயருக்குரியவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழும் வேண்டும். லயத்து முகவரியே இன்னும் பதிவில் இருந்தால் கூட்ட அறிவித்தல் இங்கே வந்து சேராது, முதலில் அதை மாற்றுவோம்.