வெம்பாக்கத்துத் தறியும் ஆசியாவும்



ஆசிய நாடுகளின் ஒத்துழைப்பு என்றதும் மாநாட்டு மேடைகள்தான் நம் நினைவுக்கு வரும். அந்த மேடைகளோ சோர்ந்து கிடக்கின்றன. 1985இல் டாக்காவில் பிறந்த தெற்காசியக் கூட்டமைப்பான சார்க், 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு உச்சி மாநாடே கூட்டவில்லை. 2019இல் ஆர்செப் என்ற ஆசிய-பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தில் சேராமல் இந்தியா விலகியது. இதையெல்லாம் படித்துச் சலித்தவர்களை வெம்பாக்கம் பக்கம் ஒரு பட்டுத்தறி அருகே அழைக்கிறேன்.

ஆரணிக்கும் காஞ்சிக்கும் பட்டு நெய்யும் குடும்பங்கள் வாழும் பகுதி இது. பாவுக்கு வலுவான, சீரான நூல் வேண்டும். இழை அடிக்கடி அறுந்தால் சேலை முடிய நாள் கூடும். கூலி மட்டும் கூடாது. நம் ஊர் மஞ்சள் பட்டுக்கூட்டின் இழை நீளம் குறைந்தது. நீண்ட இழை தருவது வெண்கூடு. வெண்கூடு கட்டும் புழு குளிர் நாட்டுக்கு உரியது, நம் வெயிலில் ஆண்டு முழுதும் வளர்க்க முடியாது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தோம். நல்ல பாவு நூலுக்குச் சீனாவை எதிர்பார்த்திருந்தோம்.

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு கூட்டு முயற்சி. 1991இல் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவும் நம் மத்தியப் பட்டு வாரியமும் கைகோத்தன. 2007 வரை மூன்று கட்டங்களாக வேலை நடந்தது. ஜப்பானிய நிபுணர்களும் மைசூர் பட்டு ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளும் சேர்ந்து உழைத்தார்கள். நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற சி.எஸ்.ஆர். புழு இனங்கள் அங்கே உருவாயின. மல்பெரித் தோட்டப் பராமரிப்பு, புழு வளர்ப்பு மனையின் சுத்தம், நோய்த் தடுப்பு என்று தொழில் நுணுக்கம் முழுவதும் விவசாயியிடம் போய்ச் சேர்ந்தது. இன்று தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகள் வெண்கூட்டை ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

வெறும் வியாபாரம் இப்படிப் பலன் தரவில்லை. சீன நூல் மலிவாக வந்து குவிந்தபோது நெசவாளர் மூச்சு விட்டார். கூடு விற்றவருக்கு விலை சரிந்தது. 2003இல் சீனக் கச்சாப் பட்டின் மீது இந்தியா பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. விவசாயிக்குத் தெம்பு வந்தது. நூல் விலையை நினைத்து நெசவாளர் கலங்கினார். இருவரும் நம்மவர்கள். சரக்கை மட்டும் மாற்றிக்கொள்ளும் உறவில் ஒருவர் வாழ இன்னொருவர் வாட வேண்டியிருக்கிறது. தொழிலறிவைப் பகிர்ந்துகொள்ளும் உறவில் இருவருக்கும் பிழைப்பு உண்டு.

ஆகவேதான் அறிவைப் பகிரும் ஒத்துழைப்பில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அதற்கு ஓர் இடமும் நம் அருகில் இருக்கிறது. சர்வதேசப் பட்டு வளர்ப்பு ஆணையம் 2013இல் பிரான்சின் லியோன் நகரிலிருந்து பெங்களூருக்கு இடம் மாறியது. ஜப்பானும் தாய்லாந்தும் அதில் உறுப்பினர்கள். புழு இனங்கள், நோய் பற்றிய முன்னறிவிப்பு, நூலின் தர அளவு, விலை நிலவரம் ஆகியவற்றை ஆசிய நாடுகள் அங்கே இன்னும் தாராளமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். உலகிலேயே அதிகமாகப் பட்டு விளைவிக்கும் சீனாவுடனும், எல்லைப் பிணக்குகளுக்கு அப்பால், இந்தப் பேச்சு தொடர வேண்டும். அப்படிப் பேசும் இடத்தில் அதிகாரிகளோடு நெசவாளருக்கும் கூடு வளர்ப்பவருக்கும் நாற்காலி போட வேண்டும் என்பது இந்த இதழின் கோரிக்கை.

தறியில் இருப்பவர்களே, கூடு வளர்ப்பவர்களே, நூல் முறுக்குபவர்களே, உங்கள் தேவை என்ன, அண்டை நாட்டிடம் எதைக் கற்க விரும்புகிறீர்கள், எதைக் கற்றுத்தர முடியும் என்று எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் கடிதங்களை வெளியிடுவோம். உரிய துறைகளுக்கும் அனுப்பிவைப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்