ஒரு பவுண்டு தானியம்

1873-ல் பிகாரில் மழை பொய்த்தது. மறு ஆண்டு அங்கே நிவாரணப் பொறுப்பேற்ற சர் ரிச்சர்ட் டெம்பிள், பர்மாவிலிருந்து சுமார் 4,50,000 டன் அரிசியைத் தருவித்தார். பட்டினிச் சாவு அநேகமாக நேரவில்லை. கிடைத்ததோ வசவு: தேவைக்கு மேல் வாங்கி அரசுப் பணத்தைப் பாழாக்கினார் என்று. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அவரைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லிவந்த அந்தப் பஞ்சத்துக்குத்தான். இங்கே டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான காசும் ஓரணாவும் நாளுக்குப் போதும் என்று கூலியை வெட்டினார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இன்னும் குறைவு. மூன்றே வருஷத்தில் ஒருவரின் நெஞ்சு கல்லாகிவிடுமா என்ன? அப்படி நினைக்க ஆதாரமில்லை. முன்பு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது சாவுக் கணக்குக்கு. இப்போது செலவுக் கணக்குக்கு. ஒரு தலைவரின் தனிப்பட்ட பார்வை என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி, அவர் யாருடைய கண்டனத்துக்கு அஞ்சுகிறார் என்பதுதான்.

ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். உமி, தவிடு, கல் போனால் அதிலும் குறையும். உப்பும் மிளகாயும் விறகும் அந்த ஓரணாவுக்குள் அடங்க வேண்டும். இதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். (சென்னை நகருக்குள் ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி, அந்தப் பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான்.) கூலியைக் கூட்டினால் ஜனங்கள் அரசையே நம்பிக் கிடப்பார்கள் என்பது டெம்பிள் தரப்பின் வாதம். எதிர்த்தவர் மாகாணச் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ். சென்னை மாகாண மக்களின் உணவையும் சிறைக் கைதிகளின் உணவையும் பற்றி 1860-களிலேயே ஆராய்ந்து எழுதியவர். ஓர் உடம்பு உழைக்க எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. ஒன்றரைப் பவுண்டுக்குக் குறையக் கூடாது, கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். இருவரும் வெள்ளைக்காரர்கள், ஒரே அரசின் ஊழியர்கள். கூலிக்கு நிற்கும் அதே வரிசையில் ஒருவருக்குத் தெரிந்தது ஏமாற்ற வந்தவன்; மற்றவருக்குத் தெரிந்தது தேய்ந்துபோன உடம்பு.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும், ஆகவே பட்டவனே ஆள வேண்டும் என்று சொல்வோர் உண்டு. அதற்கு வலுவான சான்றும் இருக்கிறது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது செலவைச் சொல்லிப் பயமுறுத்தியவர்கள் குறைவில்லை. சிறுவயதில் தாம் கிடந்த பட்டினியைச் சொல்லித்தான் அவர் நின்றார். ஆனால் இதை விதியாக்க முடியாது. பட்டினியைத் தாண்டி வந்தவரே, நான் தாங்கவில்லையா, இவர்களுக்கு என்ன வந்தது என்று கேட்பதையும் தினமும் பார்க்கிறோம். பட்ட வலி சிலருக்கு ஜன்னல், சிலருக்குச் சுவர். கார்னிஷ் கஞ்சித் தொட்டி வாசலில் நின்றவரல்ல. பார்க்க வேண்டிய இடத்தில் பார்த்தார், அவ்வளவே. எளிய குடும்பத்தில் பிறந்தவர் என்பதையே தகுதிச் சான்றாக நீட்டும் நம் அரசியல் மேடைகளுக்கு இது உவப்பாக இராது.

இன்னொரு மறுப்பு கனமானது. கஜானாவை யாராவது காக்கத்தானே வேண்டும்? அள்ளி இறைத்தால் அடுத்த பஞ்சத்துக்கு எது மிஞ்சும்? நியாயமான கேள்விதான். தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டதாகப் பொதுவாக மதிப்பிடப்படும் அந்தப் பஞ்சத்தை ஒரு கூலி விகிதத்தின் தலையில் மட்டும் சுமத்துவதும் அநியாயம். காலராவும் ஏறிய தானிய விலையும் ஏற்றுமதியும் அதில் பங்காளிகள். ஆனால் கணக்குப் பார்த்தது டெம்பிள் மட்டுமல்ல. கார்னிஷும் அவுன்ஸ் அவுன்ஸாகக் கணக்குப் பார்த்தவர்தான். வேறுபாடு, எந்தப் பத்தியில் கூட்டத் தொடங்குவது என்பதில். பணத்திலிருந்து தொடங்கியவருக்கு ஒரு பவுண்டு சிக்கனமாகத் தெரிந்தது. உடம்பிலிருந்து தொடங்கியவருக்கு அது பற்றாக்குறையாகத் தெரிந்தது. முதல் வகைக் கணக்குதான் யதார்த்தம், இரண்டாவது வெறும் இரக்கம் என்று எண்ணும் பழக்கம் நம் நிர்வாகத்தை இன்னும் விடவில்லை.

1877 மார்ச்சில் சென்னை அரசு பாதி வழிக்கு இறங்கிவந்தது: ஒன்றேகால் பவுண்டு தானியம், ஒன்றரை அவுன்ஸ் பருப்பு. கிராமில் சொன்னால் பருப்பு 43, ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியை அரசாணைக்குள் கொண்டுவர, பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒரு மருத்துவரே வாரக்கணக்கில் வாதாட வேண்டியிருந்தது. கூலிக்கு வரிசையில் நின்றவர்களின் சொல்லைக் கேட்க அந்தக் கோப்பில் இடமே இருக்கவில்லை.