786 என்ற எண்ணும் லட்ச ரூபாய் வாக்குறுதியும்

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஒட்டிய ஊர்களில் தொடங்கி எண்ணூர், திருவொற்றியூர் வழியாக ராயபுரம் வரை நீளும் உழைப்பாளர் குடியிருப்புகளிலும், தமிழ்நாட்டின் பிற இடங்களைப் போலவே, ஒரு கூற்று கைப்பேசி வழியாகப் பரவி ஊன்றிவிட்டது. 786 என்று முடியும் ரூபாய் நோட்டோ, டிராக்டர் படம் போட்ட பழைய ஐந்து ரூபாய் நோட்டோ கையில் இருந்தால் அதைப் பல லட்சத்துக்கு விற்றுவிடலாம் என்பதே அது. ‘ஃபேன்சி நம்பர்’ என்று சேகரிப்பாளர்கள் வழங்கும் சிறப்பு வரிசை எண்களைத் தேடிச் சேர்ப்பது உலகெங்கும் நிலவும் முறையான நாணயவியல் ஈடுபாடாகையால் அதைக் குறைகூற ஒன்றுமில்லை; எண் ஒன்றே விலையை முடிவு செய்கிறது என்ற கருத்தும், அக்கருத்தைக் காட்டிக் கூலிக்காரரின் சேமிப்பைப் பறிக்கும் வாக்குறுதிகளுமே இங்கு மறுக்கப்படுகின்றன.

786 அரிய எண் என்ற வாதமே இக்கூற்றின் அடித்தளம். ‘பிஸ்மில்லாஹ்’ எனத் தொடங்கும் திருவசனத்தின் அரபு எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் மரபாக உரிய எண்மதிப்புகளைக் கூட்டினால் வரும் தொகை இது என்பதால், தெற்காசிய முஸ்லிம்கள் பலர் இதைப் போற்றுகின்றனர். அந்த மதிப்பு மதிக்கத்தக்கது, ஆனால் போற்றப்படும் எண் எல்லாம் கிடைத்தற்கரிய எண் ஆகிவிடுவதில்லை. ரிசர்வ் வங்கியின் இன்றைய நோட்டுகளில் இலக்கமும் எழுத்தும் கலந்த முன்னொட்டும், அதை அடுத்து ஆறு இலக்கங்களும் அச்சிடப்படுகின்றன. ஒரே முன்னொட்டின்கீழ் வரும் பத்து லட்சம் எண்களில் 786 என முடிபவை சரியாக ஆயிரம். முடிவில் மட்டுமன்றி எந்த இடத்திலேனும் 786 அடுத்தடுத்து அமைந்தவை 3,999. அதாவது 250 நோட்டுக்கு ஒன்றில் இந்த எண் இருக்கும். 2023 மார்ச் இறுதியில் ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் மட்டும் ஏறத்தாழ 5,163 கோடி புழக்கத்தில் இருந்தன. ஆயிரத்துக்கு ஒன்று என்று கொண்டாலும் 786 என முடியும் ஐந்நூறு ரூபாய் நோட்டுகளே ஐந்து கோடிக்கு மேல் இருந்திருக்க வேண்டும். இவற்றுக்கு விரும்பி வாங்குவோர் சற்றே கூடுதல் விலை தரலாம். லட்சங்கள் தர எந்தக் காரணமும் இல்லை. 111111 போல ஒரே இலக்கம் ஆறு முறை வரும் எண்கள் ஒரு முன்னொட்டுக்கு ஒன்பதும், 123456, 786786 போன்றவை ஒவ்வொன்றுமே இருப்பதால், சேகரிப்பாளர் கண் அவற்றின்மேல்தான் விழுகிறது.

அடுத்தது, பழைய நோட்டு எதுவாயினும் விலை போகும் என்ற எண்ணம். டிராக்டர் படமுள்ள ஐந்து ரூபாய் நோட்டின் அச்சு 1995இல் நிறுத்தப்பட்டாலும் 2001 முதல் காந்தி படத்துடன் மீண்டும் வெளிவந்தது. 1994இல் நின்ற ஒரு ரூபாய் நோட்டு 2015இல் மறுபடியும் அச்சேறியது. கோடிக்கணக்கில் அச்சான இவ்வகை நோட்டுகளில் விலையைக் கூட்டுவது வயதைக் காட்டிலும் தாளின் நிலையே. மடிப்போ அழுக்கோ படாத தாள், நோட்டின் நிலையை மதிப்பிடும் எழுபது புள்ளி அளவுகோலின் உச்சத்தை நெருங்க, பணப்பையில் ஆண்டுக்கணக்கில் மடிந்து கிடந்தது அடியில் தங்கிவிடும். இந்திய நோட்டுகளுக்கு இதில் ஒரு தனித்தன்மை உண்டு: கட்டுகளைப் பின்னடித்து வைக்கும் வழக்கத்தை ரிசர்வ் வங்கி 2001இல் கைவிடச் செய்யும் வரை, புழக்கத்துக்கே வராத புது நோட்டிலும் துளை விழுந்தது என்பதால், பழைய நோட்டில் பின் துளையைச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கின்றனர்.

எண்ணுக்கு நடுவே நட்சத்திரக் குறி உள்ள நோட்டைக் கள்ள நோட்டு என்று சிலரும் புதையல் என்று சிலரும் சொல்வதுண்டு, இரண்டும் தவறு. அச்சகத்தில் பழுதான நோட்டுக்கு ஈடாக வைக்கப்படும் மாற்று நோட்டையே அக்குறி அடையாளம் காட்டுகிறது. 2006 முதல் வழங்கப்படும் இவை ஏனைய நோட்டுகளைப் போலவே செல்லும் என்று 2023 ஜூலையில் ரிசர்வ் வங்கி விளக்கம் அளித்தது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று ஏலச் செய்திகளே. 2024 டிசம்பரில் லண்டன் ஏலம் ஒன்றில் HA என்ற முன்னொட்டுக் கொண்ட இந்திய நூறு ரூபாய் நோட்டு ஒன்று 56 லட்சம் ரூபாய்க்கு மேல் விலை போனது உண்மை. ஆனால் அந்த விலை அதன் வரிசை எண்ணான 078400 என்ற இலக்கங்களுக்குக் கிடைத்ததன்று. ஹஜ் பயணிகளின் பயன்பாட்டுக்கென்றும், வளைகுடாவில் இந்திய ரூபாயைக் கொண்டு தங்கம் வாங்கிக் கடத்துவதைக் கட்டுப்படுத்தவும் 1950களின் இறுதியில் ரிசர்வ் வங்கி தனியாக வெளியிட்ட, இந்தியாவுக்குள் செல்லாத நோட்டு அது. HA என்ற அந்த இரண்டு எழுத்துகளே அதற்குச் சாட்சி. அதே ஆண்டு மே மாதம் ஏலத்துக்கு வந்த இரண்டு பத்து ரூபாய் நோட்டுகளின் கதையும் இத்தகையதே: லண்டனிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்ட ‘ஷிராலா’ என்ற கப்பல் 1918 ஜூலை 2 அன்று ஜெர்மானிய நீர்மூழ்கியால் தகர்க்கப்பட்டபோது அதில் இருந்து கரை ஒதுங்கியவற்றில் தப்பியவை அவை. எண் அங்கே ஒரு நிகழ்ச்சியை உறுதிப்படுத்தும் ஆவணமாகிறது. நிகழ்ச்சி இல்லாத எண்ணுக்கு அந்த விலையை எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை.

இனி, ரிசர்வ் வங்கியே பழைய நோட்டுகளை வாங்குகிறது என்ற பொய். 2021 ஆகஸ்டில் வெளியிட்ட எச்சரிக்கையில், இத்தகைய வணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும், கட்டணமோ கமிஷனோ ஒருபோதும் கேட்பதில்லை என்றும் அவ்வங்கி தெளிவாக அறிவித்தது. உண்மையாக வாங்குபவர் விற்பவருக்குப் பணம் தருவார். ‘பதிவுக் கட்டணம்’, ‘வரி’ என்று விற்பவரிடமே முன்பணம் கேட்பவர் மோசடிக்காரர். ஒரு நாள் கூலியை இழந்தாலே வீடு தடுமாறும் குடும்பங்களைக் குறிவைக்கும் இந்தக் கொள்ளை குறித்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் அளிக்கலாம். 2016இல் செல்லாதாக்கப்பட்ட ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளை விற்க முன்வருவோர், 2017ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைக் கைமாற்றுவதையே தடைசெய்து, ஆய்வுக்கும் நாணயவியலுக்கும்கூட 25 நோட்டுக்கு மேல் வைத்திருக்க விடவில்லை என்பதையும் அறிய வேண்டும்.

இவ்வளவு கவனத்தையும் 786 ஈர்த்துக்கொள்வதால், வடசென்னை வீடுகளில் இருக்கக்கூடிய மெய்யான ஆவணங்கள் கவனிப்பாரின்றிப் போகின்றன என்பதே வருந்தத்தக்கது. 1861ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டத்துக்குப்பின் நோட்டுகள் வட்டாரவாரியாக வெளியிடப்பட்டன. சென்னை வட்டார நோட்டை அவ்வட்டாரத்தில்தான் உரிமையுடன் மாற்ற முடிந்தது. வழியில் களவு போகாதிருக்க நோட்டை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதி சேர்ந்த செய்தி வந்தபின் மறு பாதியைத் தபாலில் அனுப்பிய அக்காலத்தில், இரு பாதியிலும் அச்சான ஒரே எண்ணே அவற்றை மறுபடி இணைத்தது. வடசென்னையில் குடியமர்ந்த பர்மாத் தமிழர் குடும்பங்களில் சில, ‘பர்மாவில் மட்டும் செல்லும்’ என்று ஆங்கிலத்தில் மேலச்சிடப்பட்ட இந்திய நோட்டுகளையும், வரிசை எண்ணே இல்லாமல் B என்று தொடங்கும் எழுத்துகளை மட்டும் தாங்கிய ஜப்பானிய ஆக்கிரமிப்புக் கால நோட்டுகளையும் வைத்திருக்கலாம். பின்னவை சந்தையில் சொற்ப விலையே பெறுபவை எனினும், ஒரே இரவில் சேமிப்பு காகிதமாகிப்போன ஒரு தலைமுறையின் சான்றுகள். அவற்றைத் துவைக்கவோ, இஸ்திரி போடவோ, லேமினேட் செய்யவோ கூடாது. அமிலமற்ற தாளுக்குள் தட்டையாக வைத்து, விற்கும் எண்ணம் வருமுன் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயவியல் பிரிவினரிடமோ அனுபவமுள்ள சேகரிப்பாளர்களிடமோ காட்டுவது முறை.