மணியோசை கேட்ட சிறுவர்



புனித பிரான்சிஸ் சவேரியார் 1542 அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கிருந்த பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்னரே ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆயினும், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் அறியாதிருந்தனர், கற்பிக்க ஆளில்லை.

பாரீஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அவர், இங்கே மாணவரானார். தமிழறிந்தோர் துணையுடன் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். பின்பு கையில் மணியேந்தி ஊரெங்கும் ஒரு மாத காலம் நடந்து சிறுவர்களைக் கூட்டினார். கற்ற சிறுவர் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பித்தனர். தாம் செல்ல இயலாத நோயாளிகளின் இல்லங்களுக்கு அச்சிறுவர்களையே அனுப்பிச் செபிக்கச் செய்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து வரைந்த மடலில் அவரே இவற்றைக் கூறுகின்றார்.

அப்பயணம் நமக்கு உணர்த்துவது யாது? போதிக்கச் செல்பவன் முதலில் கற்கவேண்டும். கற்றவன் எத்துணைச் சிறியவனாயினும் தன் இல்லத்திற்குப் போதகனாவான். மறைக்கல்வி வகுப்பு முடிந்து நம் பிள்ளைகள் வீடு திரும்புகின்றனர். கற்றதை அவர்கள் சொல்ல முற்படும்போது, செவிமடுக்க நமக்கு நேரமுண்டா? இன்றிரவு குடும்பச் செபத்தை உங்கள் வீட்டின் கடைசிப் பிள்ளையே தொடங்கட்டும்.