பள்ளம் என்று சொல்ல ஆளில்லாதவர்கள்

கூட்டமாகச் சேர்ந்து சைக்கிளில் நெடுந்தூரம் போகும் பழக்கம் நம் பக்கமும் பரவிவருகிறது. உடம்புக்கு நல்லது, மனசுக்கு நல்லது என்கிறார்கள். உண்மைதான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரியும் பயன் ஒன்று உண்டு: எந்தச் சாலையில் இனி சைக்கிள் ஓட்ட முடியாது என்பது இந்தப் பயணங்களில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

நான் புதுக்கோட்டைக்காரி. 1991இல் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தபோது ஓட்டப் பழகியவள். ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். வயல்வேலை பார்த்தவர்களும் கல்குவாரியில் கல் உடைத்தவர்களுமாக, ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் அன்றைக்குச் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோய், பார் வைத்த ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே கேட்டு வாங்கியவர்களும் உண்டு. பஸ்ஸுக்காகவும் வீட்டு ஆண்களுக்காகவும் காத்துக்கிடந்த பெண்கள், நினைத்த நேரத்தில் தண்ணிக்கும் சந்தைக்கும் கிளம்பினார்கள். அந்த விடுதலையை நான் கண்ணால் பார்த்தவள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பொங்கல் முடிந்ததும் எங்கள் சைக்கிள் குழு திருச்சியிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கிளம்பும். கீரனூர், புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி, தேவகோட்டை, தேவிபட்டினம், ராமநாதபுரம் என்று ஊர் ஊராகப் போவோம். பைபாஸ் வேண்டாம், ஊருக்குள்ளேயே போவோம் என்று நான் எப்போதும் சண்டை பிடிப்பேன். பைபாஸில் போனால் திருமயம் கோட்டையைத் தூரத்தில் பார்க்கலாம், திருமயத்து மனிதர்களைப் பார்க்க முடியாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால்தான் "எங்கேருந்தும்மா வர்றீங்க?" என்று யாராவது கேட்பார்கள். பஞ்சர் ஆனால் ஊர்ச் சைக்கிள் கடையில்தான் ஒட்ட வேண்டும் என்பதும் என் கட்சி. ஒருகாலத்தில் மணிக்கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் விட்ட அந்தக் கடைகள் இன்று ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன.

பெரிய சாலையை விட்டுச் செம்மண் பூமிக்குள், தைல மரக்காட்டு ஓரமாகப் போகும் கிளைச் சாலைகளில் திரும்பினால் ஒரே ஒரு சொல்தான் திரும்பத் திரும்பக் கேட்கும். முன்னால் போகிறவர் "பள்ளம்!" என்று கத்துவார். பின்னால் வருபவர் அதை வாங்கித் தனக்குப் பின்னால் இருப்பவருக்குக் கத்துவார். வரிசையின் கடைசி ஆள்வரை அந்தக் குரல் போய்ச் சேரும். பள்ளம் என்றால் சாலை நடுவே உள்ள குழி மட்டுமல்ல. தார் முடிகிற ஓரத்தில் ஒரு சாண் ஆழத்துக்குச் சட்டென்று இறங்கும் விளிம்புதான் பெரிய பள்ளம். பஸ் ஹாரன் அடித்து ஒதுக்கினால் சைக்கிள் போக அந்த விளிம்புக்குக் கீழேதான் இடம். முன்சக்கரம் அதில் இறங்கினால் ஹேண்டில்பார் திருகிக்கொள்ளும், ஆள் சாலைப் பக்கமே விழுவார்.

இந்த விளிம்பு தானாக வந்ததல்ல. பழைய தாரின் மேலேயே புதுத் தார் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் சாலை உயர்கிறது, ஓரத்து மண் அப்படியே கிடக்கிறது. ஒரு மழைக்காலம் வந்தால் அதையும் அரித்துக்கொண்டு போய்விடுகிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். வீடுகள் சாலை மட்டத்துக்குக் கீழே போய்விடக் கூடாது என்பது அதன் நோக்கம். சைக்கிளில் போகிற ஆளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எங்களுக்குத் தலையில் ஹெல்மெட், பின்னால் வேன், முன்னால் கத்த ஒரு ஆள். பதினோராம் வகுப்பில் அரசு தந்த சைக்கிளில், புத்தகப் பையைக் கேரியரில் வைத்துக்கொண்டு அதே சாலையில் தனியாக வருகிற பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? விடியும் முன்னே பால் கேனோடு கிளம்புகிறவருக்கு? சைக்கிளைக் கொடுத்த அரசு, அதை ஓட்ட முக்கால் கஜ ஓரத்தையும் கொடுக்க வேண்டாமா?

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. தார் போடும் ஒப்பந்தத்திலேயே ஓரத்துக்குக் கிராவல் கொட்டிச் சம மட்டமாக இடித்துக் கெட்டிப்படுத்தும் வேலையைச் சேர்க்க வேண்டும். அது முடியாமல் பில் பாஸ் செய்யக் கூடாது. எந்த இடம் என்று அதிகாரிகளுக்குக் காட்டும் வேலையைச் சைக்கிள் குழுக்களே செய்யலாம். வரும் தை மாதப் பயணத்தில், பள்ளம் என்று கத்துகிற ஒவ்வொரு இடத்தையும் கிலோமீட்டர் கல்லோடு குறித்துக்கொள்ளப்போகிறோம். அந்தப் பட்டியலை, போகும் வழியில் உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுப்போம். மற்ற ஊர்க் குழுக்களும் தங்கள் வழித்தடத்தில் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.