விமானத்தில் படம் எடுப்பவர்கள் ஊர் பெயரையும் எழுத வேண்டும்



விமானத்தில் சன்னல் ஓரம் உட்காருபவர்கள் கீழே தெரியும் மலை, ஆறு, ஏரி எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் அது எந்த இடம், எந்தத் தேதி என்று படத்துக்குக் கீழே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

பட்டாளத்தில் இருக்கும் எங்க சித்தப்பா லீவில் வந்தப்போ அப்படி எடுத்த படங்களைக் காட்டினாரு. மேகம், இறக்கை, மறுபடியும் மேகம், அப்புறம் ஒரு மலை. "இது எந்த மலை சித்தப்பா?" என்று கேட்டேன். "ஏதோ ஒரு மலை பாப்பா" என்றார். அங்கேயும் நம்மைப் போல ஜனங்க இருப்பாங்களே! நம்ம ஜவ்வாது மலையையும் யாரோ ஒருத்தர் படம் எடுத்து இப்படித்தான் சொல்லியிருப்பாங்க.

நம்ம மலையைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. வடக்கே பாலாறு, பாதி நாள் வெறும் மணல் கோடாக இருக்கும். தெற்கே சாத்தனூர் அணைத் தண்ணீர் வெயிலில் மின்னும். மேற்கே ஏலகிரி தனியா நிற்கும், நடுவில் பள்ளத்தாக்கு. மிச்சம் இருக்கிற அகலமான மலை நாமதான்.

தேதி எதுக்குன்னா, ஆவணியில் எடுத்தால் மலை பச்சை, பங்குனியில் எடுத்தால் பழுப்பு. தேதி இருந்தால்தான் காடு எரிந்ததா, ஏரி வற்றியதா என்று பழைய படத்தோடு வைத்துப் பார்க்க முடியும்.

நம்ம காவலூர் வானாய்வகத்தில் 1988-ல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். வானத்தில் எங்கேயோ சுற்றும் கல்லுக்கே பெயர், தேதி எல்லாம் இருக்கு. ஆள் குடியிருக்கிற மலைக்கு வேண்டாமா?

விமானத்தில் படமே எடுக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். 1937-ஆம் வருட விமான விதிப்படி அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாதுதான். ஆனால் 2004-ல் பயணிகள் எடுக்கலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டார்கள். ராணுவ விமான தளங்களில் மட்டும் கூடாது, 2025 மே மாதம் அதை மறுபடியும் கண்டிப்பாகச் சொன்னார்கள். அது நாட்டுப் பாதுகாப்பு, அதில் எனக்கு வேறு கருத்து இல்லை.

(படம் தெளிவாக வர: ஃபிளாஷை நிறுத்தணும். போன் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கணும், ஆனா உரசக் கூடாது. இறக்கைக்குக் கீழே எஞ்சின் இருந்து அதுக்குப் பின்னாடி சீட் கிடைத்தால், சூட்டுக் காற்றில் படம் கலங்கிப் போகும்.)

"நாம என்ன விமானத்திலயா போகப் போறோம், இதை ஏன்டி எழுதுற?" என்று என் தோழிகள் கேட்டார்கள். நாம எடுக்கிறவங்க இல்லை சரி, அந்தப் படத்துக்குள்ள இருக்கிறோமே! மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை, ரொம்ப அழகு. அந்தப் பச்சையில் எது காடு, எது நம்ம சாமைக் கொல்லை என்று பிரிச்சுத் தெரியாது. மழையில் ரோடு அரித்துப் போனால் பிள்ளைங்க எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்பதும் தெரியாது. "நெல்லிவாசல்நாடு" என்று எழுதியிருந்தால், அது எங்கே இருக்கு, யார் இருக்காங்க என்று ஒருத்தராவது கேட்பார்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இஸ்ரோவின் புவன் வரைபடத்தில் நம்ம மலையை மேலே இருந்து பார்க்கலாமாம். அதை ஒரு நாள் எங்களுக்குக் காட்டுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் பெயர் எழுதி அடுத்த இதழில் இதே சுவரில் ஒட்டுகிறோம்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி