பெரியவர் பேசுவது பழங்கதையா?



"தொடங்கிவிட்டார் பழங்கதையை!" என்னும் சொல் இன்று நம் இல்லங்களில் தாராளமாகப் புழங்குகிறது. வீட்டுப் பெரியவர் "அந்தக் காலத்தில்" என்று வாயெடுத்தால் போதும், பேரன் கைப்பேசியை எடுத்துக்கொள்கிறான், மருமகள் அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறார், மகன் கடிகாரத்தைப் பார்க்கிறார். யாரும் மரியாதைக் குறைவாக எதுவும் சொல்வதில்லை. கேட்பதற்குத்தான் ஆளில்லை. பெற்றோரிடம் 'சீ' என்றுகூடச் சொல்லலாகாது என அல்லாஹ் தன் திருமறையில் (17:23) தடுத்திருப்பதை நம் பிள்ளைகள் மனப்பாடமாக அறிவார்கள். அந்தச் சொல்லை வாயால் சொல்லாமல் முகத்தால் சொல்வதற்கு மட்டும் எங்கே அனுமதி பெற்றார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

எனக்கு 78 வயதாகிறது. மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்து, அங்கேயே ஓதி, அங்கேயே முதுமை அடைந்தவன். எங்கள் தலைமுறைக்கு இரக்கம் காட்டுங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. பெரியவர்களின் நினைவைப் பொழுதுபோக்குப் பேச்சாகத் தள்ளிவைக்கும் ஒரு சமுதாயம் தன் சொத்தையும், தன் உறவுமுறையையும், தன் மார்க்கச் சட்டத்துக்குத் தேவையான சாட்சியத்தையும் சேர்த்தே தள்ளிவைக்கிறது. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

மண்ணுக்குள் போகும் ஆவணங்கள்

முதலில் சொத்தைப் பார்ப்போம். 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பத்திரம் இல்லாவிட்டாலும், நெடுங்காலமாகப் பள்ளிவாசலாகவோ கபர்ஸ்தானாகவோ பயன்பட்டு வரும் இடத்தை வக்ஃபாகக் கொள்ளும் பழைய வழி, இனி வரும் காலத்துக்கு அடைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 6 அன்று உமீத் இணையதளம் திறக்கப்பட்டு, பதிவான வக்ஃப் சொத்துகளின் விவரங்களை ஏற்ற ஆறு மாதக் கெடு விதிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் நியாய அநியாயங்கள் நீதிமன்றத்தில் பேசப்படுகின்றன, அது வேறு விஷயம். அந்த ஆறு மாதங்களில் பல மஹல்லாக்களில் என்ன நடந்தது? முத்தவல்லிகள் பழைய இரும்புப் பெட்டிகளைத் திறந்தார்கள். கறையான் அரித்த காகிதங்கள் கிடைத்தன. அதன்பின் எல்லோரும் எழுப்பிய ஒரே கேள்வி, "இந்த இடத்தைக் கொடுத்தவர் யார் என்று தெரிந்த பெரியவர் எவரேனும் உயிரோடு இருக்கிறாரா?" என்பதுதான்.

பக்கத்து ஊர் ஒன்றில் கபர்ஸ்தானின் கீழண்டை எல்லை எது என்பதில் வழக்கு வந்தது. பழைய வேலியை அறிந்த ஒருவர் இருந்தார். ஆனால் அவரைக் கேட்க வேண்டும் என்று ஜமாஅத்துக்குத் தோன்றியபோது, அவர் அதே கபர்ஸ்தானில் அடக்கமாகி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன.

பத்திரம் கிடைத்தாலும் அதைப் படிப்பதற்கு ஆள் வேண்டுமே! காணி, குழி என்று எழுதியிருந்தால் இன்றைய பட்டதாரிப் பிள்ளை விழிக்கிறான். நூறு குழி ஒரு காணி, ஒரு காணி ஏறத்தாழ 1.32 ஏக்கர் என்பது எங்கள் வயதினருக்கு வாய்ப்பாடு. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் எங்கள் நன்னி அணாக் கணக்கில்தான் மீன்காரியிடம் பேரம் பேசுவார். அதைச் சிரிப்புக் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த அணாக் கணக்கில்தான் பள்ளிவாசலுக்கு எழுதிவைத்த மானியங்கள் பதிவாகியிருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறோம்.

அரபுத் தமிழின் கதி இதைவிடப் பரிதாபமானது. தமிழ் எழுத்தை அறியாத எங்கள் வீட்டுப் பெண்கள் பலர், அரபு எழுத்தில் தமிழைச் சரளமாக வாசித்தார்கள், எழுதினார்கள். மார்க்கச் சட்டங்கள் மட்டுமா, வீட்டுக் கணக்கும் பிள்ளைகள் பிறந்த நாளும்கூட அந்த எழுத்தில்தான் இருந்தன. அவர்கள் மௌத்தானபின், அரபு எழுத்தைக் கண்டதும் "ஓத முடியாத பழைய கிதாபு" என்று மரியாதையோடு மூட்டை கட்டி மண்ணில் புதைத்துவிட்டோம். புதைத்தவர்களின் நிய்யத்தில் குறையில்லை. ஆனால் மண்ணுக்குள் போனது அந்தக் குடும்பத்தின் வரலாறு.

எழுதியவர்களுக்கு ஊர் இருக்கிறது

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம், இரண்டுக்கும் இடைப்பட்ட கரும்பு பூமி. கிழக்கே நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை, மேற்கே பலாவும் முந்திரியும் விற்கும் பண்ருட்டி. இடையில் விழுப்புரத்திலிருந்து கடலூர் செல்லும் இருப்புப்பாதை.

இந்தச் சிறிய ஊரில் 19 ஆம் நூற்றாண்டிலேயே டேனிஷ் மிஷனைச் சேர்ந்தவர்கள் வந்து பணியாற்றினார்கள். அவர்கள் கடிதமும் அறிக்கையும் எழுதும் வழக்கமுடையவர்கள். சர்க்கரை ஆலைக்காரர்களும் கணக்கு எழுதினார்கள், இரயில்வேக்காரர்களும் எழுதினார்கள். ஆகவே அவர்கள் கண்ட ஊர் காகிதத்தில் இருக்கிறது. நாம் வாழ்ந்த ஊர் எங்கே இருக்கிறது? உஸ்தாத் பலகையில் அலிஃப், பே எழுதிக் கொடுத்தது, கரும்பு வண்டிகள் இரவெல்லாம் மணியோசையோடு ஆலைக்குச் சென்றது, ரமளானில் சஹருக்கு எழுப்ப ஒருவர் தப்ஸ் அடித்துக்கொண்டு தெருத்தெருவாக வந்தது, நோன்புக் கஞ்சிக்கு அண்டை அயலாரான இந்துச் சகோதரர்களும் தூக்குவாளி கொண்டு வந்தது, தைப் பொங்கலன்று அவர்கள் வீட்டிலிருந்து எங்களுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்தது ஆகிய அனைத்தும் பத்துப் பன்னிரண்டு முதியவர்களின் நெஞ்சில் மட்டுமே இருக்கின்றன. இந்த மண்ணில் நாம் எப்படி வாழ்ந்தோம் என்று நாளை எவரேனும் கேட்டால், அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரும் போனபின் என்ன பதில் சொல்வோம்?

அப்படிக் கேட்கும் காலம் வந்தும்விட்டது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் பெற்றோர் பெயர் எங்கே இருக்கிறது என்று வீடு வீடாகத் தேடினார்கள். "அத்தா, அப்போது நாம் எந்தத் தெருவில் குடியிருந்தோம்? எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டீர்கள்?" என்று வெளிநாட்டிலிருந்து தொலைபேசி வந்தது. இத்தனை காலம் பழங்கதையாக இருந்தது அன்று ஒரே நாளில் ஆவணமாகிவிட்டது.

மார்க்கம் என்ன கற்றுத்தந்தது?

"இவையெல்லாம் உலக விஷயம். மார்க்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு மூன்று செய்திகளை நினைவூட்டுகிறேன்.

ஒன்று: நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் நடந்த யமாமா போரில், குர்ஆனை மனனம் செய்த ஸஹாபாக்கள் பலர் ஷஹீதானார்கள். நெஞ்சங்களில் இருப்பது நெஞ்சங்களோடு போய்விடுமே என்று அஞ்சிய உமர் (ரலி) அவர்கள், கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் வற்புறுத்தினார்கள். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் திரட்டும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. இறைவேதத்துக்கு நிகராக நம் ஊர்க்கதையை நான் வைக்கவில்லை, அல்லாஹ் காப்பானாக! ஆனால் அறிந்தவர் மறையுமுன் எழுதிவை என்னும் விவேகம் அன்றே நமக்குக் கற்றுத்தரப்பட்டுவிட்டது.

இரண்டு: குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) தொழுகையைப் பற்றியதன்று. கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. சிறிய தொகையோ பெரிய தொகையோ, எழுதச் சோம்பல்படாதே என்பது அதன் கருத்து. அந்த வேதத்தை ஓதும் நாம், பள்ளிவாசல் தஃப்தரை மழை ஒழுகும் அறையில் வைத்திருக்கிறோம்.

மூன்று: உக்பா இப்னுல் ஹாரிஸ் (ரலி) அவர்கள் ஒரு பெண்ணை மணந்தார்கள். ஒரு பெண்மணி வந்து, "உங்கள் இருவருக்கும் நான் பாலூட்டியிருக்கிறேன்" என்றார். உக்பா (ரலி) மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பயணம் செய்து நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். தம்பதியர் பிரிந்தார்கள். இச்செய்தி புகாரியில் இருக்கிறது. ஒரு பெண்ணின் நினைவுக்கு எவ்வளவு கனம் தரப்பட்டது என்று பாருங்கள்! பால்குடி உறவு எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. யார் யாருக்குப் பாலூட்டினார் என்பது மூதாட்டிகளுக்கு மட்டுமே தெரியும். இன்று பெண் பார்க்கும்போது சம்பளத்தையும் வீட்டின் சதுர அடியையும் விசாரிக்கிறோம். மூலையில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருக்கும் நன்னியிடம் ஒரு வார்த்தை கேட்கிறோமா?

எதிர்வாதங்கள்

"அந்தக் காலத்தில் மௌட்டீகமும் பித்அத்தும் நிறைந்திருந்தன, அவற்றை ஏன் பதிய வேண்டும்?" என்கிறார்கள். பதிவது வேறு, பின்பற்றுவது வேறு. ஹதீஸ் கலை அறிஞர்கள் பலவீனமான செய்திகளையும் பதிந்து, பலவீனம் என்று குறித்தும் வைத்தார்கள். அதனால்தான் பிற்காலத்தவரால் பிரித்தறிய முடிந்தது. மறைத்துவிட்ட ஒன்றைத் திருத்துவதற்கு வழியில்லை.

"முதியவர்கள் மிகைப்படுத்துவார்கள், மறந்துவிடுவார்கள்" என்பது அடுத்த வாதம். உண்மைதான். அதற்கும் அதே அறிஞர்கள் வழி காட்டியிருக்கிறார்கள். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா என்று ஆராயுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் தனியே கேளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்து 'அ' பதிவேட்டோடும் சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்றோடும் ஒப்பிடுங்கள். ஐயம் என்பது விசாரிப்பதற்கான காரணம். கேளாதிருப்பதற்கு அதைச் சாக்காக்கலாமா?

"மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம், தினமும் வீடியோவில் பேசுகிறோம்" என்பது மூன்றாவது. பணம் வருகிறது, மறுக்கவில்லை. மாத்திரை வாங்க உதவுகிறது. ஆனால் அந்த வீடியோ பேச்சு எப்படி நடக்கிறது? "ஸலாம் சொல்லு" என்று பேரனை இழுத்து நிறுத்துகிறார்கள். அவன் ஸலாம் சொல்லிவிட்டு ஓடுகிறான். "சாப்பிட்டீர்களா? மருந்து எடுத்தீர்களா? சரி, நாளை பேசுகிறோம்." பெரிய வீட்டில் ஃபஜ்ருக்கும் இஷாவுக்கும் இடையே பள்ளிவாசல் நாற்காலியைத் தவிர அமர்ந்து பேச இடமில்லாமல் இருக்கும் முதியவரிடம், தின்றதையும் விழுங்கியதையும் தவிர வேறு கேட்பதற்கு ஒன்றுமே இல்லையா? 2007 ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாதாந்தரத் தொகையை வாங்கித் தரும். காது கொடுத்துக் கேட்கும்படி எந்தத் தீர்ப்பாயத்தாலும் உத்தரவிட முடியாது.

எங்கள் வயதினருக்கும் ஒரு சொல்

இளையவர்களை மட்டும் குறை கூறுவது நீதியாகாது. நம்மில் பலர் பேசத் தொடங்கினால் அந்தக் காலம் பொற்காலம் என்ற ஒரே பல்லவிதான். பசியை ஏன் சொல்வதில்லை? பெரியவளானதும் பெண்பிள்ளைகளின் படிப்பு நிறுத்தப்பட்டதையும், வைத்தியமில்லாமல் பிரசவத்தில் தாய்மார்கள் மௌத்தானதையும், வட்டிக்கு நிலம் போனதையும் ஏன் விழுங்கிவிடுகிறோம்? கசப்பை நீக்கிவிட்டு இனிப்பை மட்டும் கொடுப்பவரின் பேச்சைப் பிள்ளைகள் நம்பாததில் வியப்பில்லை. சாட்சி சொல்பவர் தமக்கே பாதகமானாலும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று குர்ஆன் (4:135) கட்டளையிடுகிறது. முதுமை அந்தக் கட்டளையிலிருந்து எவருக்கும் விலக்கு அளிக்கவில்லை.

செய்ய வேண்டியது

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு கனமான பதிவேடு வாங்குங்கள். மதரஸாவின் மூத்த மாணவர்கள், மாணவியர் இருவர் இருவராகச் செல்லட்டும். ஆண்களிடம் போலவே பெண்களிடமும் கேளுங்கள். பள்ளிவாசல், கபர்ஸ்தான், குளம், மானிய நிலம் ஆகியவற்றின் நான்கெல்லை எது? கொடுத்தவர் யார்? எந்த நோக்கத்துக்காகக் கொடுத்தார்? குடும்பத்தின் பால்குடி உறவுகள் எவை? வெள்ளம் வந்தால் எந்தத் தெருவில் முதலில் நீர் ஏறும்? 2024 டிசம்பரில் தென்பெண்ணை கரைபுரண்டபோது இந்தக் கடைசிக் கேள்வியின் அருமை கடலூர் மாவட்டம் முழுவதற்கும் தெரிந்தது. சொன்னவர் பெயர், வயது, கேட்ட தேதி ஆகியவற்றை எழுதி, இரு சாட்சிகளிடம் கையொப்பம் வாங்குங்கள். குரலைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். அரபுத் தமிழ் ஏடு எதுவானாலும், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் புதைக்காதீர்கள்.

இதற்கு நிதி வேண்டாம், கட்டடம் வேண்டாம், திறப்பு விழா வேண்டாம். விடுமுறையில் ஊருக்கு வரும் மகன், விருந்துகளுக்கு ஒதுக்கும் நாள்களில் ஒரே ஒரு நாளை ஒதுக்கினால் போதும். அஸர் தொழுதபின் அத்தாவின் அருகில் ஒரு குறிப்பேட்டோடு அமருங்கள். மஃரிப் பாங்கு சொல்வதற்குள் பத்துப் பக்கம் நிறைந்துவிடும்.

பெற்றோரின் பேச்சுக்குச் செவிசாய்க்கும் பிள்ளைகளாகவும், உண்மையை மறைக்காமல் ஒப்படைக்கும் பெரியவர்களாகவும் நம் அனைவரையும் வல்ல இறைவன் ஆக்குவானாக. ஆமீன்.